அச்சத்தின் பழி யார்மீது?

கர்ப்பிணிகள் 180 நாள்கள் இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்ள வேண்டும் என்பது ஒன்றிய அரசின் திட்டம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அவ்வாறு உட்கொண்டவர்கள் 26 சதவீதமே. ரத்தசோகையுள்ள கர்ப்பிணிகளோ 52 சதவீதம்.

குமட்டல், மலச்சிக்கல், கறுத்த மலம் ஆகியவற்றைக் கண்டு, சிசுவுக்குக் கேடு நேருமோ என அஞ்சி மாத்திரையை நிறுத்துவோர் பலர். இதை அறியாமை என்று பழிப்பது எளிது. இவை வழக்கமான பக்கவிளைவுகளே, சிசுவுக்குத் தீங்கில்லை என்று வீடுதேடிச் சென்று விளக்குபவர் ஆஷா ஊழியர். அவரையோ அரசு ‘தன்னார்வலர்’ என்று கூறி ஊக்கத்தொகையோடு நிறுத்திவிடுகிறது.

திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டுமென 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அது இன்னும் நிறைவேறவில்லை. ஐயம் தீர்ப்பவரின் உழைப்பை மதிக்காத அரசுக்குத் தாய்மாரைக் குறைகூறும் தகுதியில்லை. ஆஷாக்களின் கோரிக்கை கர்ப்பிணிகளின் கோரிக்கையுமாகும்.