பித்தப்பை போன பிறகு

போன வாரம் எங்கள் தெருக்காரர் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். தறி நெய்கிறவர். ஐம்பது வயதிருக்கும். பித்தப்பையை எடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கையில் ஒரு தாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் சொன்னதையெல்லாம் அதில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். எண்ணெய் கூடாது, தேங்காய் கூடாது, பருப்பு கூடாது, முட்டை கூடாது, தயிர் கூடாது. கடைசியில் "ஆயுளுக்கும்" என்று ஒரு வார்த்தை.

"இதுல எது சார் நெசம்? நீங்களும் இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்டவருதானே?" என்றார்.

"எல்லாத்தையும் விட்டுட்டா மீதி என்னங்க இருக்கு?"

"கஞ்சியும் ரஸ்க்கும் சார்."

அந்தக் கஞ்சியும் ரஸ்க்கும்தான் மூன்று வருடங்களுக்கு முன் என்னை எட்டே மாதத்தில் ஒன்பது கிலோ ஏற்றி வைத்தன. அவரை உட்கார வைத்துச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. முப்பத்தைந்து வருடம் மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவன். எழுதி வைத்துக்கொள்கிற பழக்கம் மட்டும் விடவில்லை. என் எடை, சாப்பாடு எல்லாம் ஒரு நோட்டில் இருக்கின்றன. அதை வைத்துத்தான் பேசுகிறேன்.

என் அபிப்பிராயம் இதுதான். பித்தப்பை போனவருக்கு முதல் சில வாரங்கள் கவனம் வேண்டும். அதற்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் பத்தியம் தேவையில்லை. அளவுதான் தேவை. நம் வீடுகளில் பத்தியத்தைப் பிடித்துக்கொண்டு அளவை விட்டுவிடுகிறோம்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போது 82 கிலோ இருந்தேன். யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மாறினேன். பத்து வாரத்தில் 16 கிலோ குறைந்தது. தெருவே பாராட்டியது. சில மாதம் கழித்து ஒரு ராத்திரி வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி முதுகு வரை போனது. ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல்.

எடையை வேகமாகக் குறைத்தால் கல் வரும் வாய்ப்பு கூடும் என்பது மருத்துவர்களுக்குப் பழைய செய்தி. எனக்குத்தான் புதிது. உடம்புக் கொழுப்பு வேகமாகக் கரையும்போது பித்தநீரில் கொலஸ்ட்ரால் அதிகமாகச் சேர்கிறது. கொழுப்பே சாப்பிடாமல் பட்டினி கிடந்தால் பை சுருங்கி விரியாமல் அதே நீர் தேங்கிக் கிடக்கிறது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்குவது நல்லதல்ல என்று டாக்டர் சொன்னார். நான் அதையும் தாண்டி ஓடியிருந்தேன்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பாண்டிச்சேரியில் படித்த நாள் ஞாபகம் வந்தது. எங்களுக்கு எல்லாப் பாடமும் ஃபிரெஞ்சில்தான். சுவரில் மாட்டிய படத்தில் கல்லீரலுக்கு அடியில் ஒரு பச்சைப் பை. 'வெசிக்யூல் பிலியேர்'. பரீட்சைக்குப் பயந்து நிற்கிற பையனிடம் எங்கள் வாத்தியார் "ந த ஃபே பா த பில்" என்பார். நேராகப் பார்த்தால் "பித்தம் சுரக்க விடாதே" என்று அர்த்தம். வீணாகக் கவலைப்படாதே என்பது கருத்து. நாமும் "பித்தம் தலைக்கேறிடுச்சு" என்கிறோமே. இரண்டு ஊரிலும் பழி பித்தத்தின் மேல்தான்.

ஆனால் பித்தநீரைச் செய்வது கல்லீரல். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் செய்கிறது. பை அதில் கொஞ்சத்தை வாங்கிக் கெட்டியாக்கி வைத்திருந்து, கொழுப்புள்ள சாப்பாடு வரும்போது மொத்தமாக அனுப்பும். பையில் பிடிப்பது 30 முதல் 50 மில்லிதான். அது போன பிறகு பித்தநீர் சொட்டுச் சொட்டாக நேரே குடலுக்குப் போகிறது. முன்பு மாதச் சம்பளம், இப்போது தினக்கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். தினக்கூலிக்காரர் ஒரே நாளில் பெரிய செலவு செய்ய முடியாது. அவ்வளவுதான் வித்தியாசம். குதிரைக்கும் யானைக்கும் பித்தப்பையே கிடையாது. 1882இல் பெர்லினில் முதன்முதலாக இந்தப் பையை எடுத்த லாங்கன்புக் என்ற டாக்டர், சில மிருகங்கள் இது இல்லாமலே வாழ்கின்றன என்பதையும் யோசித்துத்தான் கத்தியை எடுத்தாராம்.

அப்படியானால் இவ்வளவு கடுமையான பத்தியம் எங்கிருந்து வந்தது? என் மாமனாருக்கு எழுபதுகளில் இதே ஆபரேஷன் நடந்தது. விலாவுக்குக் கீழே ஒரு சாண் கிழித்தார்கள். பதினைந்து நாள் ஆஸ்பத்திரி, மூன்று மாதம் படுக்கை. அந்தக் காலத்துப் பத்தியம் அந்தக் காயத்துக்கு. 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்பவர் சிறு துளை வழியாகவே பையை எடுத்துக் காட்டினார். 1987இல் ஃபிரான்ஸின் லியோன் நகரத்தில் ஃபிலிப் மூரே செய்தார். 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் உத்வாடியா இந்தியாவில் தொடங்கி வைத்தார். இன்று இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆபரேஷன் மாறிவிட்டது. வீட்டுப் பெரியவர்களின் பட்டியல் மட்டும் மாறவில்லை.

என் கதைக்கு வருகிறேன். இருபதாம் நாள் ஒரு கிரகப்பிரவேசத்தில் நெய் ஒழுகும் பொங்கலும் நாலு வடையும் சாப்பிட்டேன். அரை மணி நேரத்தில் கழிவறைக்கு ஓட வேண்டியதாயிற்று. அன்று மாலையே எங்கள் வீட்டில் எண்ணெய்க்குத் தடை. தாளிப்பு நின்றது, தேங்காய் நின்றது. நானும் பயந்து சரி என்றேன்.

எண்ணெயை விட்டேனே தவிரச் சோற்றை விடவில்லை. தொட்டுக்கொள்ள ருசியாக ஒன்றும் இல்லாததால் வயிறு நிறைந்தாலும் மனசு நிறையாது. மூன்று இட்லி ஆறு ஆனது. கஞ்சியில் சர்க்கரை ஏறியது. நாலு மணிக்கு ரஸ்க், ஆறு மணிக்கு பிஸ்கட். "எண்ணெய் இல்லாததுதானே" என்று நினைப்பு. பிஸ்கட்டில் எண்ணெய் உண்டு என்பதைப் பாக்கெட்டின் பின்பக்கம் படித்தபோதுதான் தெரிந்தது. 66 கிலோ 75 ஆனது. ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டது. பழி பூராவும் இல்லாத பித்தப்பையின் மேல் போட்டேன்.

இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு வீட்டில் இரண்டு சமையல் எதற்கு என்று என் மனைவியும் அதையே சாப்பிட்டு வந்திருக்கிறாள். நான் ருசி இல்லை என்று அளவைக் கூட்டினேன். அவள் ருசி இல்லை என்று அளவைக் குறைத்துக்கொண்டாள். 52 கிலோ இருந்தவள் 45க்கு வந்துவிட்டாள். நான் கவனிக்கவே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டு அம்மா வந்து சொன்ன பிறகுதான் உறைத்தது.

இரண்டு பேரும் டாக்டரிடம் போனோம். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் மனைவியிடம் கேட்டார்: "உங்களுக்குப் பித்தப்பை இருக்கேம்மா, நீங்க ஏன் பத்தியம் இருந்தீங்க?" அவள் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். என் நோட்டில் என் எடை மட்டும்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது இது. மாதம் ஒன்றேகால் லிட்டர் எண்ணெய். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு டீஸ்பூன் வரும். ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்கிறோம். காலை மூன்று இட்லி, சட்னி, ஒரு முட்டை. மதியம் ஒரு கப் சோறு, பருப்பு, இரண்டு கப் காய், மோர். காய் உழவர் சந்தையில் வாங்குவது. மாலையில் கொய்யாப்பழம். ரஸ்க் டப்பாவில் இப்போது துவரம்பருப்பு இருக்கிறது. அவளுக்கு என்னைவிட ஒரு முட்டை கூட. தினமும் குமரகிரி அடிவாரம் வரை நடை. பதினாலு மாதத்தில் 69க்கு வந்தேன். மாதம் அரைக் கிலோகூட இல்லை. இந்த வேகத்தில் போனால் யாரும் பாராட்ட மாட்டார்கள். அதுவே நல்லது. அவள் 50 ஆகிவிட்டாள்.

புதிதாக ஆபரேஷன் ஆனவர்கள் ஒரு மாதம், ஒன்றரை மாதம் எண்ணெயைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு பொருளாகச் சேர்த்துப் பாருங்கள், ஒத்துக்கொள்கிறதா என்று எழுதி வையுங்கள். ஒரு நாள் வயிறு போனது என்பதற்காக அந்தப் பொருளுக்கு ஆயுள் தண்டனை கொடுக்காதீர்கள். சிலருக்கு வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நிற்காது. அதற்கு மருந்து இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள். கண் மஞ்சளானாலோ, காய்ச்சலோடு வலி வந்தாலோ அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள். குழாயில் கல் தங்கியிருக்கலாம். கஞ்சி குடித்துப் பார்க்கலாம் என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

தறிக்காரரின் தாளில் "ஆயுளுக்கும்" என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு, "மீதியை உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க" என்று திருப்பிக் கொடுத்தேன். கிளம்பும்போது, "வீட்ல அவங்க என்னங்க சாப்பிடுறாங்க?" என்று கேட்டேன்.

"நான் சாப்பிடுறதுதான் சார்" என்றார்.

"மொதல்ல அதைப் போய்ப் பாருங்க" என்றேன்.