உறுப்பினருக்கு உண்டு, ஊராருக்கு இல்லை!

2025 ஜூலையில், மழைக்காலக் கூட்டத்தொடரையொட்டி நாடாளுமன்ற உணவகத்தில் புதிய உணவுப் பட்டியல் அறிமுகமானது. சாம்பார், சட்னியுடன் கேழ்வரகு இட்லி 270 கலோரி, சோள உப்புமா 206 கலோரி என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே அளவு குறிக்கப்பட்டிருந்தது. மக்களவைத் தலைவர் ஓம் பிர்லாவின் முயற்சியால் வந்த இந்த ஏற்பாடு பாராட்டுக்குரியது. ஆனால், தட்டில் என்ன இருக்கிறது என்று அறிந்து உண்ணும் வாய்ப்பு, கடையில் பொட்டலம் வாங்கும் சாமானியனுக்கு மட்டும் ஏன் இத்தனை ஆண்டுகளாகத் தள்ளிப்போடப்பட்டது?

மாரடைப்பையும் பக்கவாதத்தையும் பொருத்தவரை, கலோரிக் கணக்கு மட்டும் போதாது. உப்பிலுள்ள சோடியம் ரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. பக்கவாதத்துக்கு முதன்மைக் காரணம் உயர் ரத்த அழுத்தம்தான். கீரை, பருப்பு, வாழைப்பழம் ஆகியவற்றிலுள்ள பொட்டாசியம், மிகுதியான சோடியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்ற உதவுகிறது. (சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேட்டே இவற்றை உண்ண வேண்டும்.) ஆகவே, எதை உண்கிறோம் என்பதைப் போலவே எதனுடன் சேர்த்து உண்கிறோம் என்பதும் முக்கியம். கேழ்வரகு இட்லிக்குச் சாம்பாரின் பருப்பும் காயும் துணை. மாலைத் தேநீருடன் கொறிக்கும் மிக்சருக்கோ சர்க்கரைதான் துணை.

நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பொட்டலத்தின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதோ சோடியம், அதுவும் மில்லிகிராமில். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஏறத்தாழ 1 கிராம் உப்பு என்று கணக்குப் போட்டா பாமரர் பிஸ்கட் வாங்க முடியும்?

சிலி நாடு 2016-லேயே உப்பு, சர்க்கரை மிகுந்த பொட்டலங்களின் முகப்பில் கருப்பு எண்கோண எச்சரிக்கையை அச்சிட வைத்தது. நமது உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022-ல் வெளியிட்ட வரைவில் இருந்தது நட்சத்திரக் குறியீடு. நார்ச்சத்தும் கொட்டைப் பருப்பும் சேர்த்தால் மதிப்பெண் கூடும். உப்பின் அளவு அதில் மறைந்துபோகும். உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் மூன்று மாத கெடு விதித்தது. ஜூலையில் மேலும் மூன்று மாதம் கேட்டுப் பெறப்பட்டது. இதே ஆணையம்தான் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பின் வரம்பை 2021-ல் 3 சதவீதமாகவும், 2022-ல் 2 சதவீதமாகவும் குறைத்தது. மனமிருந்தபோது அதனால் முடிந்திருக்கிறது.

எண்ணெயை 10 சதவீதம் குறையுங்கள் என்று 2025 பிப்ரவரியில் பிரதமர் வானொலியில் கேட்டுக்கொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் மிக்சர், பூஜியா மீதான ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகவும், பிஸ்கட் மீதானது 18-லிருந்து 5 சதவீதமாகவும் குறைந்தது. மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவுகளுக்கு சுகாதார வரி விதிப்பது பற்றி ஜனவரியில்தான் பொருளாதார ஆய்வறிக்கை பேசியிருந்தது! இந்த வரிக்குறைப்பில் எதிர்க்கட்சிகள் ஆளும் மாநிலங்களுக்கும் பங்கு உண்டு. அதனால்தானோ என்னவோ, அவையில் இதைக் கிளற எவருக்கும் ஆர்வமில்லை.