எண்ணிக்கொண்டே இருந்தோம், டத்தோ

மதிப்பிற்குரிய டத்தோ அவர்களுக்கு,

ஈப்போவிலிருந்து எழுதுகிறேன். இரண்டு வருஷத்தில் இது என் ஐந்தாவது கடிதம். முதல் மூன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நான்காவதை நானே பஸ் ஏறி வந்து கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். வந்த பதில் ஒரே வரி: ‘டாலாம் திண்டாக்கான்’, நடவடிக்கையில் உள்ளது. என்ன நடவடிக்கை, யார் எடுக்கிறார்கள் என்று கேட்டதற்கு இன்றுவரை பேச்சில்லை. அதனால்தான் இந்த முறை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

எந்தச் சட்டம், எந்தக் கொள்கை, எந்த ஒப்பந்தம் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஒரு பறவையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மலாய்க்காரர்கள் அதை ‘உப்பே’ என்பார்கள். மூன்றடி உயர நாரை. பால்போல வெள்ளை உடம்பு, சிவந்த முகம், கீழே லேசாக வளைந்த மஞ்சள் அலகு, இறக்கை ஓரத்திலும் வாலிலும் மட்டும் கறுப்பு. 1984-இல் பேராக்கின் மாத்தாங் கண்டல் காட்டுக் கரையில் நூற்றுக்கு மேல் எண்ணினார்கள். 2005-இல் பத்துகூடத் தேறவில்லை. பிறந்த பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போகிற காலத்துக்குள் ஒரு கூட்டமே கரைந்துவிட்டது.

இது ஆள் தெரியாத காட்டில் நடக்கவில்லை, டத்தோ. உலகத்திலேயே சிறப்பாகப் பராமரிக்கப்படும் கண்டல் காடு என்று பேர் வாங்கிய மாத்தாங்கில் நடந்தது. ஏறக்குறைய 40,000 ஹெக்டர். பாக்காவ் மரத்தை முப்பது வருஷச் சுழற்சியில் வெட்டி, மறுபடி வளர்த்து, கோலா செப்பெத்தாங் கரிச்சூளைகளுக்கு அனுப்புகிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக நடந்துவரும் கணக்கு. எந்த வட்டாரத்து மரம் எந்த ஆண்டு முற்றும் என்று தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்த ஒழுங்கை நான் குறை சொல்ல வரவில்லை. எத்தனையோ கரைகளில் கண்டல் இறால் குட்டையாகிப்போன காலத்தில் நம் காடு நின்றது அதனால்தான். ஆனால் உப்பேவுக்குக் கூடு கட்டப் பெரிய மரம் வேண்டும். ஆள் சத்தம் இல்லாத இடம் வேண்டும். நீர் வற்றும்போது மீன் தங்கும் சேற்றுக் குட்டை வேண்டும். வெட்டுமரக் கணக்கில் இதற்கு ஒரு கட்டம் போட யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு தேசிய மிருகக்காட்சிசாலையான ஸூ நெகாராவில் பொரித்து வளர்த்த உப்பேக்களை அதே காட்டின் கோலா குலா கரையில் கொண்டுவந்து பறக்கவிட்டார்கள். அதற்காக உழைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். முழங்கால் புதையும் சேற்றில் நின்று வருஷா வருஷம் எண்ணியவர்களையும் கும்பிடுகிறேன். அவர்கள் எழுதிக் கொடுத்த தாள் போய்ச் சேர்ந்த மேசைகளில்தான் யாரும் திடுக்கிடவில்லை.

உப்பே நம் ஊர்ப் பறவை. இப்போது விருந்தாளிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

போன நவம்பரில் கோலா குலாவில் படகெடுத்துப் போனோம். நீர் இறங்க இறங்க, ஈயத்தைத் தேய்த்ததுபோலச் சேறு பளபளத்தது. பவளக்காலி உள்ளான்கள் தையல் மிஷின் ஊசிபோல அலகைக் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்றின் காலில் சின்னதாக இரண்டு பிளாஸ்டிக் பட்டை, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. ஷாங்காய்ப் பக்கம் சோங்மிங் தீவில் மாட்டும் அடையாளம் அது என்று கூட வந்தவர் சொன்னார். உள்ளங்கையில் அடங்கும் உடம்பு. யாரோ ஒரு சீனர் அதைப் பிடித்து, பட்டை மாட்டி, பத்திரமாகப் போய் வா என்று விட்டிருக்கிறார். அது நம்மை நம்பி இங்கே இறங்கியிருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் தொடங்கி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை போகும் வான்வழியில் வந்த பறவை அது. அந்த வழியிலுள்ள நாடுகள் 2006-இல் ஒரு கூட்டமைப்பு அமைத்தன. மலேசியாவும் பின்னர் சேர்ந்தது. அதே 2006-இல்தான் தென் கொரியா சேமாங்கும் கழிமுகத்தை 33 கிலோமீட்டர் சுவரால் அடைத்தது. அங்கே இரைதேடிய பெரிய உள்ளான்கள் பல்லாயிரக் கணக்கில் திரும்பி வரவே இல்லை. ஆனாலும் சீனாவும் கொரியாவும் பட்டுத் திருந்தின. 2018-இல் சீனா கரையை மண்ணடித்து நிரப்புவதற்குப் பெரும்பாலும் தடை போட்டது. 2019-இல் மஞ்சள் கடலின் சீனக் கரைச் சேறும் 2021-இல் கொரியச் சேறும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. இங்கே சரவாக் தன் பாக்கோ-புந்தால் விரிகுடாவை 2013-இலேயே அந்தக் கூட்டமைப்பின் வான்வழிப் பட்டியலில் சேர்த்துவிட்டது. கோலா குலாவை ஏன் சேர்க்கவில்லை என்பதுதான் என் நான்கு கடிதங்களின் கேள்வி.

கூட்டமைப்பில் கையெழுத்து போட்டது புத்ராஜெயா, நிலம் மாநிலத்துடையது என்பீர்கள். உள்ளானுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, ஐயா. அதற்குத் தெரிந்தது சேறு. கெராங் சிப்பி எடுக்கிறவனுக்கும் அதே சேறுதான் சோறு போடுகிறது.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பால்வெட்டு. ஆளுக்கு இத்தனை மரம், மரத்துக்கு இவ்வளவு பால் என்று கிராணி கணக்கு வைத்திருந்தார். தோட்டத்தை விற்றபோது எங்கள் லயத்தை இடிக்க நோட்டீஸ் வந்தது. ஒரு தாளில்கூடத் தப்பு இல்லை. மரத்துக்குக் கணக்கு இருந்தது, மரத்தடியில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. அந்த வலி தெரிந்ததால்தான் இந்த வயதில் உங்கள் வாசலுக்கு நடந்தேன். தாள் சரியாக இருக்கும்போதே ஒரு கூட்டம் வீடிழந்து போகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கோலா குலா இருக்கும் கிரியான் கரும்புக் காடாக இருந்த நாளில் எங்கள் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கிய மாவட்டம் அது. அங்கே இறங்குகிறவர்களை ஒரு முறையாவது மரியாதையாக வரவேற்றுப் பார்ப்போம். கோலா குலாச் சேற்றைப் பட்டியலில் சேருங்கள். கூடு கட்டும் மரங்களைக் கோடரி தொடாமல் விடுங்கள். எண்ணுகிறவர்கள் தரும் தாளை எடுத்துப் படியுங்கள். உங்களால் முடியாதென்றால், முடியாது என்று ஒரு வரி எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போகிறேன்.

செப்டம்பரில் உள்ளான்கள் இறங்க ஆரம்பித்துவிடும். அதற்குள் பதில் வேண்டும். ‘டாலாம் திண்டாக்கான்’ என்று மட்டும் மறுபடி எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஈப்போ