புதுப் பாட்டரி வாங்குமுன்...

காஸ் அடுப்பு எரியாவிட்டால், உடனே புது அடுப்பு வாங்கக் கடைக்கு ஓடுகிறோமா? ஸிலிண்டர் தீர்ந்துவிட்டதா, வால்வு மூடியிருக்கிறதா என்றுதானே பார்க்கிறோம்! ஸ்கூட்டர் விஷயத்தில் மட்டும் இந்த யோசனை நமக்கு வருவதில்லை. பொத்தானை அழுத்தி வண்டி கிளம்பாவிட்டால், "பாட்டரி போச்சு, அம்மா!" என்று யாராவது சொல்ல, மறு பேச்சில்லாமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். பதினைந்தாம் நாள், பள்ளிக்கூட வாசலில் குழந்தையோடு நிற்கும்போது, அந்தப் புதுப் பாட்டரியும் கையை விரித்துவிடுகிறது!

சகோதரிகளே, வண்டி தன் நோவைத் தானே சொல்லும். சற்றுக் காது கொடுத்தால் போதும்.

முதலில் பக்க ஸ்டாண்டை எடுத்துவிட்டு, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். இந்த இரண்டையும் மறந்தால் பல ஸ்கூட்டர்கள் கிளம்பாது. அது நோய் அல்ல, பாதுகாப்பு.

"டிக் டிக்" என்று மட்டும் கேட்டு, ஹாரனும் ஈனஸ்வரத்தில் முனகுகிறதா? பாட்டரியில் சார்ஜ் குறைந்திருக்கிறது என்று பெரும்பாலும் நிச்சயிக்கலாம்.

சத்தமே இல்லை, ஹாரனும் ஊமை என்றால், ஃப்யூஸ் போயிருக்கலாம். பாட்டரி முனையில் ஒயர் தளர்ந்திருக்கலாம். அல்லது பாட்டரி அடியோடு காலியாகியிருக்கலாம். முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், அதைச் சுத்தம் செய்து ஒயரை இறுக்கினாலே பல சமயம் வண்டி உயிர் பெறும். ஒயரைக் கழற்றும்போது நெகடிவ்வை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் தொட வேண்டும்.

ஸ்டார்ட்டர் சுறுசுறுப்பாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? பாட்டரியின் மேல் பழி போடாதீர்கள்! பெட்ரோலையும் ஸ்பார்க் பிளக்கையும் பாருங்கள். ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் பொத்தானை அழுத்த வேண்டாம். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி முயலலாம்.

சந்தேகம் தீரவில்லையென்றால் மெக்கானிக்கிடம் மீட்டர் இருக்கிறது. சாதாரண 12 வோல்ட் ஈயப் பாட்டரி, சில மணி நேரம் ஓய்வாக இருந்த பிறகு, 12.6 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது. 12 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் கிட்டத்தட்டப் பட்டினி.

அடுத்தது முக்கியம். எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் வேகம் கொடுத்து அளந்தால், ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். ஏறவே இல்லையென்றால் சார்ஜ் செய்யும் பாகத்தில்தான் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் எத்தனை பாட்டரி மாற்றினாலும், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான்! வோல்ட் சரியாக ஏறுகிறது, முழுக்கச் சார்ஜ் செய்தும் மறுநாளே இறங்கிவிடுகிறது என்றால்தான், அநேகமாகப் பாட்டரிக்கு வயதாகிவிட்டது என்று பொருள்.

இன்னொன்று. கறிகாய்க் கடைக்கும் பள்ளிக்கும் இரண்டிரண்டு நிமிஷம் ஓட்டினால், கிளப்புவதற்குச் செலவான சார்ஜ் திரும்பிச் சேர நேரம் கிடைப்பதில்லை. வாரம் ஒரு நாளாவது அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் ஓட்டுங்கள். மாதக் கணக்கில் சும்மா நிறுத்திய பாட்டரி, தானாகவே சார்ஜ் இறங்கிக் கெட்டுப்போகும்.

அடுத்த முறை "பாட்டரியை மாற்றணும்" என்று மெக்கானிக் சொன்னால், கோபித்துக்கொள்ள வேண்டாம். "நிற்கும்போது எத்தனை வோல்ட், ஓடும்போது எத்தனை வோல்ட்?" என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு பர்ஸைத் திறந்தால் போதும்!