முதலில் திட்டாதீர்கள், முதலில் போன் செய்யுங்கள்

என் சித்தப்பா ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். மளிகைக் கடை பில்லைக் கூட மனதுக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பார். 2024ஆம் ஆண்டில் ஆசையாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கிய நான்காம் மாதம், 87,500 ரூபாயை இன்டர்நெட் மோசடியில் இழந்தார். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது, இன்னொருத்தராவது தப்பிக்கட்டும். என் பேரை மட்டும் போடாதே" என்றார்.

நடந்தது இதுதான். கடந்த மாத மின் கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த அதிகாரியை அழைக்கவும் என்று மொபைலில் ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. கட்டிய ரசீது சித்தப்பாவிடம் இருந்தது. அதனால்தான் கோபத்தோடு அந்த எண்ணை அழைத்தார். மறுமுனையில் பணிவான குரல். "நீங்க கட்டியிருக்கீங்க சார், சிஸ்டத்துல ஏறலை. பத்து ரூபாய் கட்டினா அப்டேட் ஆகிடும். கம்ப்யூட்டர் இருக்கா? நானே கூட இருந்து செய்து தர்றேன்."

அந்த ஆள் சொன்ன புரோகிராமை டவுன்லோட் செய்து, திரையில் தெரிந்த எண்ணைச் சித்தப்பா படித்துச் சொன்னார். மவுஸ் பாயிண்ட்டர் தானாக நகர்ந்ததாம். என்ன வசதி என்று வியந்தாராம். நெட் பேங்கிங்கைத் திறந்தார். மொபைலுக்கு வந்த ஓ.டி.பி. எண்களை, பத்து ரூபாய்க்கானவை என்று நம்பி, மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் பணம் போனது.

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற தொலைவிலிருந்து இயக்கும் புரோகிராம்கள் நல்ல வேலைக்காக உருவானவை. அவற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுச் சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது. சித்தப்பா இரண்டு நாட்கள் யாரிடமும் சொல்லவில்லை. சரியாகச் சாப்பிடாமல் இருப்பதைக் கவனித்த சித்திதான் என்னை அழைத்தார். விஷயத்தைக் கேட்டதும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "கணக்கு வாத்தியார், நீங்களே இப்படி ஏமாறலாமா சித்தப்பா?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஏன் உடனே சொல்லவில்லை என்று பிறகு கேட்டபோது வந்த பதில் இன்னும் உறுத்துகிறது. "நீ இப்படித்தான் கேப்பேன்னு தெரியும்ப்பா."

அந்த இரண்டு நாட்களின் விலை என்ன? திருடப்பட்ட பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்காது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று பிரிந்து ஓடும். 1930 என்ற எண்ணில் புகார் பதிவானால், வழியில் உள்ள வங்கிகளுக்குத் தகவல் போய், இன்னும் எடுக்கப்படாமல் இருக்கும் பணம் நிறுத்தி வைக்கப்படும். நாங்கள் மூன்றாம் நாள் அழைத்தோம். 12,000 ரூபாய் மட்டும் ஒரு கணக்கில் சிக்கியது. நீதிமன்ற உத்தரவு பெற்று அதைத் திரும்ப வாங்கப் பல மாதங்கள் ஆயின. முதல் மணி நேரத்திலேயே அழைத்திருந்தால் எவ்வளவு சிக்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாய்ப்பைத் திருடன் கெடுக்கவில்லை. வெட்கம் கெடுத்தது. அந்த வெட்கத்தை வளர்த்ததில் என் போன்ற "விவரம் தெரிந்த" உறவினர்களுக்கும் பங்கு உண்டு.

நாலு வார்த்தை திட்டினால்தானே புத்தி வரும் என்று சிலர் சொல்கிறார்கள். 87,500 ரூபாய் சொல்லித் தராத எதை நம் நாலு வார்த்தை சொல்லித் தரப் போகிறது? அடுத்த முறை மறைக்க வேண்டும் என்பதை மட்டும்தான் அது கற்றுத் தரும். ஏமாறுவது அறிவு குறைவால் அல்ல. பயமும் அவசரமும் ஒன்று சேர்ந்தால் கணக்கு வாத்தியாருக்கும் கணக்கு தப்பும்.

சரி, உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் என்ன செய்திட வேண்டும்? முதலில் மோடத்தின் ஸ்விட்சை அணைத்து இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். வங்கியை அழைத்துக் கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்கச் சொல்லுங்கள். வங்கியின் எண்ணை கார்டின் பின்புறமோ பாஸ்புக்கிலோ பாருங்கள். கூகுளில் தேடாதீர்கள், அங்கும் போலி எண்கள் உலவுகின்றன. அடுத்து 1930. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்திலும் புகாரைப் பதிவு செய்திடலாம். எஸ்.எம்.எஸ்., அழைத்த எண், பணம் போன நேரம், பரிமாற்ற எண் எதையும் அழித்துவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிகளின்படி, ரகசிய எண்ணை நாமே சொல்லிவிட்டிருந்தால், வங்கிக்குத் தகவல் தரும் வரையிலான இழப்பு நம்முடையது. தகவல் தந்த பின் ஏற்படும் இழப்பு வங்கியுடையது. எனவே தகவல் தந்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

பிறகு கம்ப்யூட்டர். திருடன் கை வைத்த கம்ப்யூட்டரிலேயே பாஸ்வேர்டுகளை மாற்றுவது வீண். வேறொரு கம்ப்யூட்டரில் மாற்றுங்கள், அதிலும் இமெயில் பாஸ்வேர்டை முதலில். மற்ற பாஸ்வேர்டுகளை மாற்றும் கடிதங்கள் எல்லாம் இமெயிலுக்குத்தானே வருகின்றன! நான் சித்தப்பாவின் போட்டோக்களையும் டாகுமெண்ட்களையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, விண்டோஸை முழுமையாக ரீசெட் செய்தேன். அந்தப் புரோகிராமை மட்டும் நீக்கியிருக்கலாம். ஆனால் வேறு எதை விட்டுச் சென்றார்கள் என்று எப்படித் தெரியும்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள் என்று சில வாரங்கள் கழித்து ஒரு அழைப்பு வரலாம். சித்தப்பாவுக்கு வந்தது. ஏமாந்தவர் எண் ஒருமுறை கைமாறினால், இரண்டாவது வலையும் அவருக்கே விரிக்கப்படும். நல்லவேளை, இம்முறை போனை வைத்துவிட்டு உடனே என்னை அழைத்தார்.

கடைசியாக ஒன்று. அன்று கோபத்தில், இன்டர்நெட் இணைப்பையே எடுத்துவிடலாம் என்று சொன்னேன். சித்திதான் தடுத்தார். "பணமும் போச்சு, பொட்டியும் போச்சுன்னா மனுஷன் என்ன செய்வார்?" என்றார். சரியான கேள்வி. கம்ப்யூட்டரைப் பிடுங்கினால் அது தண்டனை. ஆகவே வேறு வழி செய்தோம். சேமிப்புக் கணக்கில் நெட் பேங்கிங் கிடையாது. சில ஆயிரம் மட்டும் உள்ள இன்னொரு கணக்கிலிருந்து பில் கட்டுகிறார். புரோகிராம் எதையும் இன்ஸ்டால் செய்திட என் பாஸ்வேர்ட் கேட்கும்படி அவருக்குத் தனி யூசர் அக்கவுண்ட் அமைத்தேன். முதல் பில்லை அவர் கட்டும்போது அருகில் உட்கார்ந்திருந்தேன். மவுஸைத் தொடவில்லை. கை கொஞ்சம் நடுங்கியது. ஆனால் கட்டி முடித்தார்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் வாசகர்களே, இன்று மாலையே ஒரு துண்டுச் சீட்டில் 1930 என்று எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களிடம், "என்ன ஆனாலும் திட்ட மாட்டேன், உடனே சொல்லுங்க" என்று சொல்லி வையுங்கள். எந்த ஆன்ட்டி வைரஸ் புரோகிராமும் தராத பாதுகாப்பு அது.