இங்கிலீஷ் எழுத்து யாருக்கு ஓடுகிறது?

போன ஜனவரியில், காபிப் பழம் பறிப்பு முடிகிற சமயத்தில், வெள்ளக்கடையில் ஒரு ஆவணப்படம் போட்டார்கள். சேர்வராயன் மலை எஸ்டேட் தொழிலாளர்களைப் பற்றிய படம். எடுத்தவர்கள் பெயரை எழுதப் போவதில்லை. நல்ல பிள்ளைகள், கைக்காசு போட்டு எடுத்தவர்கள். ஆனாலும் இந்தச் சண்டையைப் போடாமல் இருக்க முடியவில்லை.

படத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். பிறவியிலேயே காது கேளாதவர். காது கேளாதோர் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர், பேப்பரை ஒரு வரி விடாமல் வாசிப்பவர். அவர் கையால் பேசுவதை அவருடைய அக்கா வாயால் சொல்கிறார். அது இங்கிலீஷ் எழுத்தாகக் கீழே ஓடுகிறது. அவர் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். தன் பேரில் என்ன சொல்லப்பட்டது என்பது அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. படம் முடிந்ததும் என் செல்போனை வாங்கி, "அக்கா என்ன சொல்லுச்சு?" என்று அடித்துக் காட்டினார். எனக்கே இடது காது போய் நாலு வருஷம் ஆகிறது. பாதிதான் சொல்ல முடிந்தது.

தமிழர்கள் தமிழில் பேசும் படத்துக்குத் தமிழ் எழுத்து கிடையாது. இங்கிலீஷ் எழுத்து வெளியூர் விழா நடுவர்களுக்காக ஓடுகிறது. கேட்டால் "பட்ஜெட் இல்லை சார்" என்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் டிரோனில் எடுக்கக் காசு இருந்ததே! இங்கிலீஷ் போட எந்த வசனம் எந்த நொடியில் வருகிறது என்று ஏற்கெனவே குறித்தாயிற்று. அதே இடங்களில் பேசிய தமிழை எழுதி, யார் பேசுகிறார், என்ன சத்தம் என்பதையும் சேர்த்தால் போதும். சில நாள் தட்டச்சு வேலை.

மலையேறுமுன் சேலத்தில், ஏற்காடு ரோட்டில், மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு நிற்கிறது. 1935-ல் தொடங்கிய கம்பெனி. அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும். ஊமைப்படத்தில் வசனத்தை எழுத்து அட்டையில் காட்டினார்கள். 1931-ல் 'காளிதாஸ்' பேச ஆரம்பித்தது. நாம் அதைக் கொண்டாடுகிறோம். வாசிக்கத் தெரிந்த காது கேளாதவருக்குச் சினிமா கதவைச் சாத்தியதும் அப்போதுதான்.

2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊடகங்களில் வருவது எல்லோரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. 2024 மார்ச்சில் மத்திய அரசு விதிமுறைகளும் கொண்டுவந்தது. ஆனால் அவை தியேட்டரில் ஓடும் கதைப்படங்களுக்கு. அதாவது, வியாபாரிக்குக் கட்டளை வந்தாயிற்று. நியாயம் பேசிப் படம் எடுப்பவர் "நமக்குப் பொருந்தாது" என்று நழுவுகிறார். இது எனக்குப் பொறுக்கவில்லை.

கண் தெரியாதவர்களுக்குக் காட்சியை விளக்கும் குரல் வேண்டும். அதற்குப் பேச்சின் நடுவே இடம் விட்டு எடிட் செய்தால் நல்லது. முடிந்த படத்தில் பிறகு ஒட்டவைத்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது. முதல் நாள் செலவுக் கணக்கிலேயே அதற்கும் ஒரு வரி இருக்க வேண்டும். திரையிடும் இடமும் அப்படித்தான். அன்று படம் போட்டது மாடி ஹாலில். படத்தில் தோன்றிய, கால் முடியாத பாட்டி கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அமெரிக்காவில் 2020-ல் 'கிரிப் கேம்ப்' என்று ஒரு ஆவணப்படம் வந்து ஆஸ்கர் பரிந்துரை வரை போயிற்று. அதை இயக்கிய இருவரில் ஒருவரான ஜேம்ஸ் லெப்ரெக்ட் சக்கர நாற்காலிக்காரர். தான் சின்ன வயதில் போன முகாமைப் பற்றித் தானே எடுத்தார். அதில் சோகப் புல்லாங்குழல் போட்டுப் பரிதாபம் தேடுகிற வேலையே இல்லை. நம் ஊரில் மாற்றுத்திறனாளி கேமராவுக்கு முன்னால் மட்டும்தான் நிற்க வேண்டுமா?

திட்டியதோடு நிற்காமல் படத்தின் பிரதியைக் கேட்டு வாங்கினேன். நானும் அவருமாக உட்கார்ந்து தமிழ் எழுத்துப் போட ஆரம்பித்தோம். மூன்றாம் நாள் அவர் வரும் இடம் வந்தது. அக்கா சொன்னது: "கல்யாணமாகாத கவலை அவனுக்கு." அவர் அதை வாசித்தார், மறுபடி வாசித்தார், பிறகு தலையில் அடித்துக்கொண்டு என் நோட்டில் எழுதினார்: "நான் சொன்னது கூலி. பழம் எடை போடும்போது கிலோ குறைச்சு எழுதுறாங்க."

எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கத்தைப் போட்டோ பிடித்து அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டார்கள், இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது.