கைக்கடிகாரமும் நிக்கலும்: விலைச்சீட்டில் இல்லாத ஓர் அளவு

கைக்கடிகாரத்தின் பின்மூடி படும் இடத்தில் தோல் சிவந்து அரித்தால், அதை வியர்க்குரு என்றோ படை என்றோ எண்ணுவதே வழக்கம். மருத்துவர் சீட்டின்றி வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைத் தடவியதும் அது அடங்குகிறது; கடிகாரத்தை மீண்டும் கட்டியதும் திரும்புகிறது. பல வேளைகளில் இதற்குக் காரணம் நிக்கல் ஒவ்வாமை. உலோகம் பட்டு ஓரிரு நாள் கழித்தே தடிப்பு தோன்றக்கூடும் என்பதால், காரணத்தையும் விளைவையும் இணைத்துப் பார்ப்பது எளிதன்று. ஒருமுறை ஏற்பட்ட இவ்வொவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கிறது.

இந்நிலையில் உள்ளவரிடம் "நல்ல கடிகாரமாகப் பார்த்து வாங்குங்கள்" என்பது அறிவுரை போலத் தோன்றினாலும், உண்மையில் பொறுப்பைத் தட்டிக் கழிப்பதே. எதைப் பார்த்து வாங்குவது? கடிகாரங்களில் பரவலாகப் பயன்படும் 316எல் எஃகில் 10 முதல் 14 விழுக்காடு நிக்கல் உண்டு. எனினும் மேற்பரப்பில் உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம் காப்பதால், அதிலிருந்து மிகக் குறைவான நிக்கலே வெளியேறுகிறது. மாறாக, மலிவான பித்தளைக் கூட்டில் பளபளப்பான முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சு இருப்பதுண்டு. மேல்முலாம் தேய்ந்ததும் வியர்வை அதைக் கரைத்துத் தோலில் சேர்க்கிறது. ஆகவே எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு வெளியேறுகிறது என்பதே முதன்மையான கேள்வி. 'ஒவ்வாமை தராதது' என்ற விளம்பரச் சொல் இக்கேள்விக்கு விடை தருவதில்லை.

விடை காண முடியாத கேள்வியும் அன்று இது. தோலில் நெடுநேரம் படும் பொருள்களிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் விதி வகுத்தது. முலாம் பூசிய பொருளாயின், இயல்பான பயன்பாட்டில் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு அவ்வரம்பைக் காக்க வேண்டும். அதற்கு முன்பே சட்டம் இயற்றிய டென்மார்க்கில், இளம்பெண்களிடையே நிக்கல் ஒவ்வாமை குறைந்ததை ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன.

தங்கத்தின் தூய்மைக்கு 2021 முதல் படிப்படியாக முத்திரையைக் கட்டாயமாக்கிய இந்தியாவில், மணிக்கட்டில் நாள்முழுதும் கிடக்கும் உலோகத்துக்கு இத்தகைய கட்டாய வரம்பு இல்லை. வாங்குபவரின் பணத்துக்குக் கிடைத்த காப்பு அவரது தோலுக்குக் கிடைக்கவில்லை. டைட்டானியம் கடிகாரம் இருக்கிறதே எனலாம். அதன் விலை எல்லோருக்கும் எட்டுவதன்று. தனக்கு ஒவ்வாமை இருப்பதையே அறியாதவர் அதைத் தேடப்போவதும் இல்லை.

விதி வரும்வரை சில எச்சரிக்கைகள் உதவும். கூடு பிளாஸ்டிக்காயினும் பின்மூடி உலோகமாக இருக்கலாம். தோல்வாரிலும் கொக்கி உலோகமே. குரோமியம் ஒவ்வாமை உள்ளவர்க்கு, குரோமிய உப்பால் பதனிட்ட தோல்வாரே தொல்லையாகலாம். நைலான், சிலிக்கோன் வார்கள் அவர்க்கு ஏற்றவை. தடிப்பு நீடித்தால் தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை செய்துகொள்வதே தெளிவு தரும்.

வேதியியல் மாணவர்கள் ஆய்வகத்தில் நிக்கலைக் கணிக்கப் பயன்படுத்தும் டைமெத்தில்கிளையாக்சைமை அம்மோனியாவுடன் பஞ்சில் நனைத்துக் கடிகாரத்தில் தேய்த்தால், கணிசமாக வெளியேறும் நிக்கல் இளஞ்சிவப்பாகத் தெரியும். கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யத்தக்க இச்சோதனைக்கு ஈடான ஒன்றைத் தயாரிப்பாளர் செய்து, முடிவை விலைச்சீட்டில் அச்சிட வேண்டும் எனக் கோருவது மிகையாகாது.